கதவுக்கு வெளியே உறுமி

ஜூன் 3, செவ்வாய்

இன்று ‘ஞ’ வசப்பட்டது. இத்தனை நாள் அது பிடி கொடுக்காமல் என் பென்சிலுக்கு அடியில் சுருண்டுகொண்டே இருந்தது. காலையில் ஒரு பக்கம் முழுக்க எழுதித் தள்ளினேன். பொம்மக்கா அடுப்படியிலிருந்து வந்து எட்டிப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கிழமைய எழுதத் தெரியாமயே எழுபத்தி நாலு வருசம் ஓட்டிட்டியேய்யா" என்றாள்.

பொம்மக்கா என் மனைவி. ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். இந்த வீட்டில் டீச்சர் அவள்தான். நான் எழுதுவதையெல்லாம் படித்துப் பார்த்துப் பிழைக்குச் சிவப்புப் பேனாவால் வட்டம் போடுவாள். ஆகையால் அவளைப் பற்றி இதில் குறை எதுவும் எழுத முடியாது. மற்ற சில விஷயங்களையும் எழுத முடியாது.

என் பெயர் சென்றாயன். சொந்த ஊர் வத்தலக்குண்டு. சினிமாவுக்கு உறுமி வாசித்தவன். இருப்பது சாலிகிராமத்தில், மாடியில் ஒரு அறை வீடு.

போன வருஷம், நான் வாசித்த படங்களின் இசையமைப்பாளர் மாஸ்டர் அருமைநாதன் இறந்தபோது பேப்பரில் ஒரு பக்கம் முழுக்க அவரைப் பற்றிப் போட்டிருந்தார்கள். பொம்மக்கா எனக்கு வாசித்துக்கொண்டே வந்தவள், பாதியில் பேப்பரை மடித்து வைத்துவிட்டாள். மீதி எழுத்தெல்லாம் என் முன்னால் எறும்பு மாதிரி கிடந்தது. அவரைப் பற்றி அதில் இன்னும் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. மறுநாள் போய் ஒரு சிலேட்டு வாங்கி வந்தேன்.

இப்போது அந்தப் பக்கத்தை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டேன். என் பெயர் அதில் இல்லை. பரவாயில்லை. அவர் பெயர் பத்து இடத்தில் இருக்கிறது. பத்தையும் நானே கண்டுபிடித்தேன்.


ஜூன் 5, வியாழன்

மாஸ்டரின் மகள் பியூலா வந்தாள். பாவாடை கட்டிய வயதிலிருந்து அவளைப் பார்க்கிறேன். இப்போது தலையில் பாதி நரை. வெளிநாடு போய் வாத்தியக் குழுவை நடத்தப் படித்துவிட்டு வந்திருக்கிறாள். எனக்கு இன்னும் பாப்பாதான்.

"மாமா, ஜூலை இருபத்தாறு அப்பாவோட முதல் வருச நினைவு நாள். ஒரு நிகழ்ச்சி வச்சிருக்கேன்."

"பாட்டுக் கச்சேரியா பாப்பா?"

"பாட்டெல்லாம் எல்லாரும் பாடிட்டாங்க. நான் அதத் தொடல. அப்பா ரீரிக்கார்டிங்ல, காட்சிக்குப் பின்னணியா போட்ட இசை மட்டும். பின்னால திரையில காட்சி ஓடும், வசனம் இருக்காது. முன்னால அறுபது பேரு உக்காந்து வாசிப்போம்."

"கடைசியா எது?"

"உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். ‘ஒற்றைப் பனை வீடு’ படத்தின் கிணற்றுக் காட்சி.

"இப்ப இருக்கிற பையன்களும் நல்லாத்தான் உறுமி வாசிக்கிறாங்க. ஆனா இது நீங்க வாசிச்சது. நீங்க இருக்கும்போது நான் ஏன் வேற ஆளக் கூப்பிடணும்? மேடையில முன்னாலயே உங்களுக்கு இடம்."

பொம்மக்கா காப்பி கொண்டு வந்தாள். நான் வலது கையால் வாங்கிக்கொண்டேன். இடது கை தொடைக்கு அடியில் இருந்தது. இப்போதெல்லாம் அப்படி உட்கார்வது எனக்கு வசதியாக இருக்கிறது.

அன்று வெளியிடும் மலருக்கு வாசித்தவர்கள் ஒவ்வொருவரும் மாஸ்டரைப் பற்றி ஒரு பக்கம் தர வேண்டுமாம்.

"நீங்க சொல்லுங்க மாமா, நான் டைப் பண்ணிக்கிறேன்" என்றாள்.

"நானே எழுதித் தர்றேன்" என்றேன்.

பாப்பா பொம்மக்காவைப் பார்த்தாள். பொம்மக்கா முந்தானையால் மூக்கைத் துடைப்பது போலச் சிரிப்பை மறைத்தாள். "ஆமா கண்ணு. இப்ப இவரு பெரிய எழுத்தாளரு. பால்காரன் கணக்கக்கூட இவருதான் எழுதுறாரு. பால்காரன்தான் அழுவுறான்."

எனக்கு ஒரே சந்தோஷம். அவள் போன பிறகு கதவைச் சாத்திவிட்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். வாசிக்கிறேன் என்று வேறு சொல்லிவிட்டேன்.


ஜூன் 9, திங்கள்

மலருக்காக எழுதிப் பழகுகிறேன்.

அந்தப் படத்தில் ஒரு பெண் தனியாகக் கிணற்றுக்குப் போகிறாள். உச்சி வெயில். வாளியை இறக்குகிறாள். வாளி தண்ணீரில் விழுந்த சத்தம் வரவில்லை. எட்டிப் பார்க்கிறாள். அவ்வளவுதான் காட்சி. பேயும் கிடையாது, ரத்தமும் கிடையாது.

டைரக்டர் அவள் எட்டிப் பார்க்கும்போது வயலின் எல்லாம் சேர்ந்து வீறிட வேண்டும் என்றார். அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் போடுவார்கள். மாஸ்டர் கேட்கவில்லை. அவருக்கு நாசரேத் பக்கம் ஊர். கோபம் வந்தாலும் சந்தோஷம் வந்தாலும் ஊர்ப் பேச்சு வந்துவிடும். "சத்தம் போட்டா மனுசன் முழிச்சிக்கிடுவாம்லா. பயப்பட மாட்டான்" என்றார்.

அவர் செய்தது இது. வயலின்காரர்கள் இருபது பேரையும் ஒரே சுரத்தைத் தொடச் சொன்னார், ஆனால் ஆளுக்கொரு நேரத்தில் ஆரம்பிக்க வேண்டும். வில்லின் மயிரால் அல்ல, கட்டையால். வெயிலில் ஓடு வெடிப்பது போல இருந்தது. கோரஸ் பாடும் பெண்கள் ஆறு பேரை மைக் முன்னால் நிறுத்தி, பாட வேண்டாம், மூச்சு மட்டும் விடுங்கள் என்றார். கான்வென்ட்டில் படித்த பெண்கள், வெட்கப்பட்டுச் சிரித்தார்கள். பிறகு பெரிய செல்லோக்கள் கீழே இறங்கி இறங்கி வந்தன. அவள் எட்டிப் பார்க்கும் இடத்தில் அத்தனையும் நின்றுவிட்டது.

ஒன்றுமே இல்லை. சத்தமில்லாத திரை மட்டும்.

"மாஸ்டர், மிஷின் நின்னுபோச்சுன்னு ஆபரேட்டரப் போட்டு அடிப்பாங்க" என்றார் டைரக்டர்.

"அடிக்கட்டும்லே" என்றார் மாஸ்டர்.

அந்த மௌனத்துக்கு அடியிலிருந்துதான் என் உறுமி வர வேண்டும். எங்கிருந்து ஆரம்பித்தது என்றே தெரியக்கூடாது. கிணறு தானாக உறுமுவது போல.

படம் வந்தபோது நானும் பொம்மக்காவும் தியேட்டருக்குப் போனோம். அந்த இடத்தில் எங்கள் வரிசை முழுக்க ஜனங்கள் காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டார்கள். பொம்மக்காவும்தான். பக்கத்தில் வாசித்தவனே உட்கார்ந்திருக்கிறான் என்று தெரிந்தும்.


ஜூன் 15, ஞாயிறு

பரணிலிருந்து உறுமியை இறக்கி வெயிலில் வைத்தேன். தோல் நன்றாக இருக்கிறது. வலது பக்கத்தைக் குச்சியால் தட்டுவது. இடது பக்கத்தை வளைந்த குச்சியால் அழுத்தித் தேய்ப்பது. தேய்த்தால்தான் உறுமும். தேய்த்தேன். உறுமியது. கீழ் வீட்டு நாய் எழுந்து போய்விட்டது. சரியாகத்தான் இருக்கிறது.

எழுத உட்கார்ந்தால் தாள் நகர்கிறது. இடது கையால்தான் அழுத்திப் பிடித்திருக்கிறேன். மின்விசிறிக் காற்று. பொம்மக்கா வந்து பார்த்தாள். தன் மூக்குக் கண்ணாடிக் கூட்டை எடுத்துத் தாளின்மேல் வைத்துவிட்டுப் போனாள்.

பிறகு கவனித்தேன். மின்விசிறி ஓடவில்லை, கரண்ட் இல்லை. இதற்கு அவள் வட்டம் போடட்டும்.


ஜூன் 20, வெள்ளி

மாஸ்டர் என்னைக் கண்டுபிடித்த கதையைப் பல பேர் பல மாதிரி சொல்வார்கள். நடந்தது இது. வடபழனியில் ஒரு சாவு ஊர்வலத்தில் வாசித்துக்கொண்டு போனேன். தெருவோரத்தில் ஒருவர் இடுப்பில் வேட்டியும் வாயில் பல் தேய்க்கும் பிரஷ்ஷுமாக நின்றார். ஊர்வலத்தோடு சேர்ந்து சுடுகாடு வரைக்கும் நடந்து வந்தார். செத்தவருக்குச் சொந்தம் என்று நினைத்துக்கொண்டேன். திரும்பும்போது என் தோளைத் தொட்டு, "ஏல, இந்தக் குரலு எனக்கு வேணும். நாளைக்கு வா" என்றார். வாயில் இன்னும் நுரை இருந்தது.

ரிக்கார்டிங் தியேட்டரில் எல்லோர் முன்னாலும் ஸ்டாண்டு, ஸ்டாண்டில் காகிதம். எனக்கு ஸ்டாண்டு போடவில்லை. மாஸ்டர் வந்து காதோரம் சொல்வார். "சென்றாயா, ஒரு எருமை தண்ணிக்குள்ள படுத்துக் கெடக்கு. எந்திரிக்க அதுக்கு மனசில்ல. அப்படி உறுமு." அதுதான் எனக்குக் காகிதம்.

முதல் நாள் உள்ளே உட்கார்ந்து வாசித்தபோது வயலின் ஒன்றுகூடக் கேட்கவில்லை, ஊர்த் திருவிழா ஆகிவிட்டது. மாஸ்டர் யோசித்துவிட்டு என்னை வெளியே வராந்தாவில் உட்கார வைத்தார். கதவை ஒரு சாண் திறந்து வைத்தார். அங்கே தண்ணீர்ப் பானை இருக்கும், வாசிக்கிறவர்களின் சைக்கிள்கள் இருக்கும். டேக் ஓடும்போது டீக்கடை குஞ்ஞப்பன் வந்துவிட்டால், எட்டு கிளாசையும் கையில் பிடித்தபடி சிலை மாதிரி நிற்பான். டீ ஆறிப்போகும். எல்லோரும் அவனைத் திட்டுவார்கள்.

கதவிடுக்கில் எனக்குத் தெரிந்தது மாஸ்டரின் இடது கை மட்டும். வலது கையால் உள்ளே இருந்த எல்லோரையும் நடத்துவார். இடது கை எனக்கு. அது மேலே எழுந்தால் நான் ஆரம்பிக்க வேண்டும்.

கிணற்றுக் காட்சி அன்று ஒரு விஷயத்தை எனக்குக் கண்டிப்பாகச் சொன்னார். "குச்சிய மொதல்லயே தோல்மேல படுக்க வச்சிரணும். நான் கையத் தூக்கும்போது நீ வச்சேன்னா, வைக்கிற சத்தம் கேட்டுரும். கேட்டுச்சின்னா ஒருத்தன் வாசிக்கான்னு தெரிஞ்சிரும். தெரிஞ்சிட்டா பயம் போச்சு."

ஆகவே மௌனம் தொடங்கும்போதே என் குச்சி தோலில் இருக்கும். கை அசையக்கூடாது. அந்தக் காலத்தில் என் கை கல் மாதிரி இருக்கும். ஈ வந்து உட்கார்ந்தாலும் அசையாது.


ஜூன் 27, வெள்ளி

முதல் ஒத்திகை. ஒரு பள்ளிக்கூடத்துப் பெரிய ஹால். அறுபது பேர். பாதிப் பேர் என் பேரப்பிள்ளை வயது. எல்லோரும் வணக்கம் சொன்னார்கள். பாப்பா என்னை மேடையில் முன் வரிசையில் உட்கார வைத்தாள். எல்லா விளக்கும் என்மேல் இருந்தது.

அந்த முதல் நாளை விட்டால், உள்ளே உட்கார்ந்து கேட்பது இதுதான் முதல் தடவை. வராந்தாவில் ஒரு சாண் அளவுக்குத்தான் எனக்கு மாஸ்டரின் இசை கிடைக்கும். இன்று முழுசாக மேலே விழுந்தது. வயலின் கட்டைகள் முதுகுக்குப் பின்னால் ஒவ்வொன்றாகச் சொடுக்கின. மூச்சு விடும் பெண்கள் என் கழுத்துக்குப் பின்னால் நின்றார்கள். நானே எழுந்து ஓடலாமா என்று பார்த்தேன்.

மௌனம் வந்தது.

மௌனத்துக்குள் ஏதோ சத்தம். டிக் டிக் டிக் என்று. சின்னச் சத்தம்தான், பல்லி மாதிரி. பாப்பா தலையைத் திருப்பினாள். செல்லோ வாசிக்கும் பெண் பக்கத்திலிருந்தவரிடம், "ஏ.சி.லேர்ந்து வருதா?" என்றாள். ஏ.சி.யை நிறுத்தினார்கள். மறுபடி வாசித்தோம். மறுபடியும் வந்தது. மைக்கை மாற்றினார்கள்.

யாரோ நாற்காலியை ஆட்டினார்கள் என்று நினைக்கிறேன்.


ஜூலை 2, புதன்

இன்று எழுத ஒன்றுமில்லை.


ஜூலை 4, வெள்ளி

அண்ணன் வெள்ளைச்சாமியின் ஞாபகம். அண்ணனுக்கு முதலில் கட்டைவிரல்தான் ஆடியது, காசு எண்ணுவது போல. பிறகு கை. பிறகு சோற்றை வாய்க்குக் கொண்டு போக முடியவில்லை. முகம் மரப்பொம்மை போல ஆகிவிட்டது, சிரித்தால்கூட வெளியே தெரியாது. முனி பிடித்திருக்கிறது என்று பூசாரியிடம் கூட்டிப்போனார்கள். நானும்தான் போனேன். அங்கே உறுமி வாசித்தது நான்.

அது வேறு. அண்ணனுக்கு வந்தது வேறு.


ஜூலை 6, ஞாயிறு

பாப்பாவுக்கு போன் செய்தேன். மாஸ்டர் என்னை வெளியேதான் வைத்தார், வெளியே இருந்தால்தான் அந்தச் சத்தம் சரியாக வரும், மேடைக்குப் பக்கத்தில் இருக்கும் நடையில் கதவுக்குப் பின்னால் உட்காருகிறேன் என்றேன். சொன்னதில் பொய் கிடையாது.

"நீங்க எல்லாருக்கும் தெரியணும்னுதான் மாமா நான் நெனச்சேன்" என்றாள்.

"மாஸ்டர் மாதிரியே செய்வோமே பாப்பா."

எந்தக் கதவு என்று கேட்டாள். பிறகு சரி என்றாள்.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் பொம்மக்கா நின்றுகொண்டிருந்தாள். கையில் நிகழ்ச்சிக்கு என்று எடுத்து வந்த சேலை, இன்னும் கவரைப் பிரிக்கவில்லை.

"கட்டி வந்த நாள்லேருந்து உன் சத்தத்தத்தான் கேட்டுருக்கேன். ஒரு தடவகூட நாலு பேரு முன்னால ஒக்காந்து வாசிக்கிறதப் பாத்ததில்ல. ஒரு படத்துலயும் உன் மொகம் இல்ல. இப்பவும் கதவுக்கு வெளியவாய்யா?"

"சத்தத்துக்காக."

"சத்தத்துக்காகன்னா சரி" என்றாள். மத்தியானம் குழம்பில் உப்பு இல்லை. நான் கேட்கவில்லை.


ஜூலை 12, சனி

இரண்டாவது ஒத்திகை. அதே ஹால். என்னை நடையில் உட்கார வைத்தார்கள். கதவு ஒரு சாண் திறந்திருந்தது. இடுக்கில் பாப்பாவின் இடது கை தெரிந்தது. மாஸ்டரின் கை மாதிரியே நீளமான விரல்கள். இங்கே யாரும் என்னைப் பார்க்க முடியாது. மனசு லேசானது.

ஆனால் நடையில் எனக்கென்று தனி மைக் வைத்திருந்தார்கள். வராந்தாவில் அந்தக் காலத்தில் மைக் கிடையாது.

மௌனம் வந்தது. டிக் டிக் டிக். இந்த முறை சத்தம் ஹால் முழுக்கக் கேட்டது, சுவரெல்லாம் சொட்டுவது போல. குச்சியை நன்றாக அழுத்திப் பார்த்தேன். அழுத்தினால் தோல் முனகியது. மூச்சைப் பிடித்தேன். அப்போது இன்னும் அதிகமாக ஆடியது. வலது கையால் இடது கையைப் பிடிக்கலாம் என்றால் வலது கையில் அந்தப் பக்கத்துக் குச்சி.

இடுக்கில் பாப்பாவின் கை கீழே இறங்கியது. காலடிச் சத்தம். கதவு திறந்தது. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தாள். மற்றவர்கள் பார்க்காமல் கதவைத் தன் முதுகால் சாத்திக்கொண்டாள்.

"எவ்வளவு நாளா மாமா?"

"காலையில சாப்பிடல பாப்பா. அதான்."

"சரி."

"நாளைக்குச் சரியாயிடும்."

"சரி மாமா. வண்டி சொல்றேன், வீட்டுக்குப் போங்க. அப்புறம் பேசிக்கலாம்."

அவள் திட்டியிருக்கலாம். மாஸ்டர் என்றால் திட்டியிருப்பார். வண்டியில் வரும்போது, அவள் அவ்வளவு மெதுவாகப் பேசியதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சாவு வீட்டில் பேசுவது போலப் பேசினாள்.


ஜூலை 13, ஞாயிறு

நேற்று எழுதியதைப் பொம்மக்கா படித்தாள். நான் தடுக்கவில்லை. படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினாள். ஒரு வட்டம்கூடப் போடவில்லை.

"பொங்கலுக்குக் கரும்பு வெட்டும்போதே பாத்தேன்" என்றாள்.

"பாத்துட்டா சும்மா இருந்த?"

"சொன்னா என்ன செய்வ? உறுமியத் தூக்கிப் பரண்ல வச்சிட்டு மூலையில குந்திக்குவ. உங்க அண்ணன் குந்துன மாதிரி. அதுக்குப் பயந்துக்கிட்டுத்தான்."

"உனக்குப் பயமா?"

"ஏன், உனக்கு மட்டுந்தான் எழுதிக் குடுத்துருக்கா?"

பிறகு முருங்கைக்கீரை ஆய்ந்தோம். என் இடது கை முறத்தின்மேல் ஆடிக்கொண்டே இருந்தது. முதல் முறையாக அதை நான் ஒளிக்கவில்லை. கீரைத் தண்டு அதன்பாட்டுக்குக் குதித்தது. பொம்மக்கா, "மிச்சத்தையும் உதுத்துவிடு, எனக்கு வேல மிச்சம்" என்றாள்.

என் கை நடுங்குகிறது. எழுதிவிட்டேன்.


ஜூலை 17, வியாழன்

நரம்பு டாக்டர். சின்ன வயதுப் பெண். நடக்கச் சொன்னாள், விரலைத் தட்டச் சொன்னாள், கையை மடியில் சும்மா வைக்கச் சொன்னாள். சும்மா வைத்தால்தான் ஆடியது. ஒரு தம்ளரை எடுத்துக் குடிக்கச் சொன்னாள். எடுத்தபோது பெரிதாக ஆடவில்லை.

"தாத்தா, உங்க கை வேல செய்யும்போது அடங்குது. சும்மா இருக்கும்போது ஆடுது. இந்த வியாதி பெரும்பாலும் அப்படித்தான்."

"சும்மா ஒக்காந்தா ஆகாதும்பாங்க எங்க மாமியா, அவங்களுக்குப் புடிச்ச கை" என்றாள் பொம்மக்கா. டாக்டர் வாய்விட்டுச் சிரித்தாள்.

வியாதியின் பெயரை ஒரு சீட்டில் தமிழில் எழுதித் தரச் சொன்னேன். நானே படிக்க வேண்டும் என்றேன். எழுதித் தந்தாள். படித்தேன். படிக்கத் தெரியாமல் இருந்திருக்கலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது.

"எங்க அண்ணனுக்கு இருந்துச்சு. அவர மாதிரி ஆயிடுவனா?"

"அண்ணனுக்கு என்ன மருந்து குடுத்தாங்க?"

"பூசாரி வேப்பிலை அடிச்சாரு."

"அப்ப உங்களையும் அவரையும் ஒண்ணாப் பேசாதீங்க. இது போகாது. ஆனா மாத்திர இருக்கு, ரொம்ப வருசம் ஓட்டலாம். மாத்திர கொஞ்சம் கொஞ்சமாத்தான் கூட்டணும், உடனே அடங்காது."

நிகழ்ச்சிக்குள் அடங்காதா என்று கேட்டேன். அடங்காது என்று தலையை ஆட்டினாள். பதற்றப்பட்டால் இன்னும் கூடும் என்றாள். ஆயிரம் பேர் முன்னால் மௌனத்தில் உட்கார்ந்திருப்பதைவிடப் பதற்றம் உலகத்தில் என்ன இருக்கிறது?


ஜூலை 20, ஞாயிறு

பாப்பா வந்தாள். நான் முந்திக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். டாக்டர் சீட்டையும் காட்டினேன்.

"நான் யோசிச்சிட்டு வந்திருக்கேன் மாமா. அந்த மௌனத்தக் கொறச்சிடலாம். செல்லோ முடிஞ்சதும் நீங்க ஆரம்பிங்க. கைக்குச் சும்மா இருக்க நேரமே இருக்காது. கேக்கிறவங்க யாருக்கும் தெரியாது."

அந்த மௌனத்தைக் காப்பாற்ற மாஸ்டர் டைரக்டரிடம் சண்டை போட்டார், தயாரிப்பாளரிடம் சண்டை போட்டார். அந்தப் படத்தில் அவர் போட்ட இசையிலேயே பெரியது அதுதான். அதில் வாத்தியம் எதுவும் இல்லை, அவ்வளவுதான்.

"அதுல கை வைக்காத பாப்பா. ஆள மாத்து. திண்டுக்கல்லுல நல்ல பையன்க இருக்காங்க. நான் அனுப்பச் சொல்றேன்."

சொல்லி முடித்த பிறகு என் குரல் எனக்கே கேட்டது. பாப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு உள்ளே எதுவோ அறுந்து கிடந்தது. அதைப் பார்க்கப் பயந்து, மலருக்கு எழுதி வைத்த பக்கத்தை எடுத்து அவளிடம் கொடுத்தேன். வாசித்தாள். என் கையெழுத்தையே அப்படியே அச்சுப் போடுவதாகச் சொன்னாள். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான்.

பொம்மக்கா சுவரோரம் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல், "சும்மா இருக்கும்போதுதான் ஆடுது?" என்று கேட்டாள்.

"ஆமா."

"அப்ப அந்த நேரம் நான் புடிச்சுக்கிறேன்."

யாருக்கும் உடனே புரியவில்லை. அவள் கையைக் கழுவிவிட்டு வந்து, உறுமியை எடுத்து என் மடியில் வைத்தாள். குச்சியைத் தோலில் படுக்க வைக்கச் சொன்னாள். பக்கத்தில் உட்கார்ந்து தன் கையை என் மணிக்கட்டின்மேல் வைத்து அமுக்கினாள். பூண்டு வாசம். எல்லோரும் பேச்சை நிறுத்தினோம். அடுப்பில் குக்கர் ஒரு விசில் விட்டது. அது அடங்கிய பிறகு எதுவுமே கேட்கவில்லை. பாப்பா இடது கையைத் தூக்கினாள். பொம்மக்கா கையை எடுக்க மறந்துவிட்டாள். நான் தேய்க்கப் போய் அவள் வளையல் உடைந்தது.

மறுபடி செய்தோம். பிறகு மறுபடியும். நான்காவது தடவையோ ஐந்தாவது தடவையோ சரியாக வந்தது.

"மேடையிலயா அத்த? எல்லாரும் பாப்பாங்களே" என்றாள் பாப்பா.

"பாக்கட்டும். அறுபது பேரு ஒக்காருற எடத்துல எனக்கு ஒரு ஸ்டூலு இல்லையா? இவரு வெளிய ஒக்காந்தா நானும் வெளிய ஒக்காரணும். அதனால உள்ளதான். சேல வேற எடுத்தாச்சு."

"வாத்தியக்காரங்க யூனியன் கார்டு கேப்பாங்க" என்றேன்.

"கல்யாணப் பத்திரிகையக் காட்டுறேன்" என்றாள்.


ஜூலை 24, வியாழன்

கடைசி ஒத்திகை. பொம்மக்கா ஒரு தடவை சீக்கிரம் விட்டாள், ஒரு தடவை தாமதமாக விட்டாள். வயலின் பிள்ளைகள் பார்க்காதது போலப் பார்த்தார்கள். மூச்சு விடும் பெண்களில் ஒருத்தி வந்து பொம்மக்காவிடம், "ஆன்ட்டி, நீங்க என்ன வாசிக்கிறீங்க?" என்று கேட்டாள். "இவர" என்றாள் பொம்மக்கா.

வீட்டுக்கு வந்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. சரியாக வந்தது ஒரே ஒரு தடவைதான்.


ஜூலை 27, ஞாயிறு

நேற்று நடந்ததை இன்று காலை எழுதுகிறேன்.

மேடைக்குப் பின்னால் பொம்மக்கா புதுச் சேலையில் உட்கார்ந்து மூன்று தடவை தண்ணீர் குடித்தாள். "கூட்டம் எவ்வளவு?" என்று கேட்டாள். கொஞ்சம்தான் என்றேன். மேடை ஏறியதும் என் விலாவில் இடித்தாள். அரங்கம் மேல் மாடி வரை நிரம்பியிருந்தது.

மாஸ்டரின் படம் ஒரு ஓரத்தில் இருந்தது. அவர் இசை ஒவ்வொன்றாகப் போனது. ரயில் கிளம்பும் காட்சிக்கு அவர் தாளம் எதுவும் போடாமல் ஒற்றைப் புல்லாங்குழலை விட்டிருந்தார். ரயில் விட்டுவிட்டுப் போன ஆளின் இசை அது. சண்டைக் காட்சிக்குத் தாலாட்டு போட்டிருந்தார். ஜனங்கள் கைதட்டியதைவிடப் பெருமூச்சு விட்டதுதான் அதிகம். நான் இதையெல்லாம் சரியாகக் கேட்கவில்லை. இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதனோடு பேசிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் திரையில் அந்தக் கிணறு வந்தது.

வயலின் கட்டைகள் வெடித்தன. மூச்சுகள் வந்தன. செல்லோக்கள் இறங்கத் தொடங்கியபோது குச்சியை எடுத்துத் தோலில் படுக்க வைத்தேன். பொம்மக்காவின் கை வந்து என் மணிக்கட்டில் உட்கார்ந்தது. ஜில்லென்று இருந்தது.

எல்லாம் நின்றது.

அந்த மௌனத்தை நான் வராந்தாவில் கேட்டிருக்கிறேன், அங்கே சைக்கிள்கள்தான் இருக்கும். தியேட்டரில் கேட்டிருக்கிறேன், அப்போது என் வேலை முடிந்துபோயிருந்தது. நேற்று நான் அதற்குள் உட்கார்ந்திருந்தேன். ஆயிரம் பேர் மூச்சு விடாமல் இருந்தால் ஒரு கனம் வருகிறது. அது நெற்றியில் அழுத்துகிறது. மாஸ்டர் காகிதத்தில் எழுதியது இதைத்தான் போலிருக்கிறது. முன் வரிசையில் ஒரு ஆள் மெதுவாகக் காலை நாற்காலிமேல் தூக்கி வைத்தான்.

என் கை ஆடத் தொடங்கியது. தெரிந்தது. பொம்மக்கா அமுக்கினாள். அப்போதுதான் அவள் கையும் நடுங்குவது தெரிந்தது. அவளுடையது பயம். என்னுடையது வியாதி. அதோடு பயமும். இரண்டும் சேர்ந்த இடத்தில் எது யாருடையது என்று தெரியவில்லை. இனிமேல் சத்தம் வந்துவிடும் என்று நினைத்தேன். அவளும் அதையே நினைத்திருக்க வேண்டும், அவள் நகம் என் தோலில் இறங்கியது. காதைத் தீட்டிக்கொண்டு என் உறுமியைக் கேட்டேன்.

ஒன்றும் கேட்கவில்லை.

திரையில் அந்தப் பெண் இன்னும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பாப்பா அவசரப்படவில்லை. அவளுடைய அப்பாவைப் போலவே, இனித் தாங்காது என்கிற இடத்தைத் தாண்டியும் நின்றாள். பிறகு அவளுடைய இடது கை எழுந்தது.

பொம்மக்கா விட்டாள். என் கை வைத்த இடத்திலேயே இருந்தது. தேய்த்தேன்.